டப்பா மேல் ஒரு தேதி

"ஏலே பசுபதி, கையைத் தூக்கிக் காட்டுலே!"

டெக்சாஸ், கேட்டி. கிருபைராஜ் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. அவர் போட்ட சத்தத்தில் பிரியாணித் தட்டோடு இருபது பேர் திரும்பினார்கள். பசுபதி வலது கையைத் தூக்கினார். மூன்று விரல்தான் இருந்தது.

"பார்த்தீங்களா? ரிவால்வர் கையிலயே வெடிச்சிருச்சு. ஏன்? வீட்டில தோட்டா தயார் பண்றப்ப அய்யா டிவியில ஃபுட்பால் பார்த்திருக்காரு! ஒரே தோட்டாவுக்கு ரெண்டு தடவை வெடிமருந்து!"

கிருபைராஜுக்கு வேலை ஆயில் கம்பெனியில். குரல் மட்டும் பாளையங்கோட்டை நற்செய்தி கன்வென்ஷன் மேடையில்.

"சிகரெட் கூ...டாது! மேஜையில ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். ஒவ்வொரு தடவையும் நிறுக்கணும். நடுவில எழுந்தீங்களா? அத்தனையையும் கொட்டிட்டு முதல்ல இருந்து! முடிச்சதும் தோட்டா டப்பா மேல மருந்து, எடை, தேதி எழுதணும். ஆமென்?"

"ஆமென்" என்றார்கள் சிலர், வாயில் கோழியோடு.

"பீரும் உள்ள போயிருக்கும்" என்றாள் விருந்துக்கு வந்திருந்த ஷ்யாமளா. மூக்கால் பேசுவாள். ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"போன வருஷம் நானே ஒரு டப்பா தோட்டா போட்டுக் குடுத்தேன். அதைச் சுட்டிருந்தா அஞ்சு விரலும் இருந்திருக்கும். என்னலே?" என்றார் கிருபைராஜ்.

"ஆமாடா" என்று சிரித்தார் பசுபதி.

காரில் ஏறியதும் பசுபதியின் மனைவி ருக்மிணி ஆரம்பித்தாள்.

"விரலோட உங்க டிராஃப்ட்ஸ்மேன் வேலையும் போச்சு. ஆறு மாசமா நான் டேகேர்ல ஊரான் பிள்ளைக்கு டயபர் மாத்தறேன். ஃபுட்பாலாம் ஃபுட்பால்! டச்டவுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"



வீடு வந்ததும் பசுபதி நேராக கராஜுக்குப் போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். ருக்மிணி எட்டிப் பார்த்தாள்.

குப்பைத் தொட்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு காலி டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிப் பார்த்தாள்.

கிருபைராஜின் முத்து முத்தான கையெழுத்து. மருந்து. எடை. தேதி.

"அவர் குடுத்த டப்பா. காலியா இருக்கு. அப்போ... அன்னிக்கு வெடிச்சது இதுல உள்ளதா?"

"ஏழாவது தோட்டா. மீதியைத் துப்பாக்கி சுடுற ரேஞ்ச்ல குடுத்து அழிச்சாச்சு."

"அப்போ உங்க தப்பு ஒண்ணுமே இல்லையா? கூட்டத்தில வச்சு நாறடிக்கறார், தலையாட்டிட்டு நிக்கறீங்க! இப்பவே போன் பண்றேன்."

டப்பாவோடு உள்ளே ஓடி ரிசீவரை எடுத்துவிட்டாள்.

"ருக்கு, தேதியைப் படி" என்றார் பின்னாலேயே வந்த பசுபதி.

"பிப்ரவரி ஒன்பது, எண்பத்தி நாலு." நம்பரைச் சுழற்றப்போன விரல் நின்றது. "இது... ஊர்ல இருந்து ட்ரங்க் கால் வந்த நாள். கிருபைராஜ் அம்மா தவறிட்டாங்கன்னு..."

"பாதியில எழுந்து ஓடினான். அழுதுகிட்டே திரும்பி வந்து மிச்சத்தை நிரப்பினான். நானும் பக்கத்திலதான் இருந்தேன். எல்லாத்தையும் கொட்டுடான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

ருக்மிணி ரிசீவரை வைத்தாள்.

"அம்மா போன அன்னிக்கு நிரப்பின தோட்டாவாலதான் என் விரலும் போச்சுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். இந்த லேபிளைக் கொஞ்சம் சுரண்டிக் குடு. மூணு விரலால முடியலை."