ஐந்தாம் நிலை

மாடி வீட்டு சூசைமேரிக்குத் திமிர் ஜாஸ்தி என்று கீழ் வீட்டு மேனகா முடிவே கட்டிவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. சூசைமேரியின் கணவர் லூர்துநாதனுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசையோ, எங்கே போனாலும் அந்த ஒல்லிப் பெண்மணிதான் ஆறடி மனுஷனைத் தோளில் சாய்த்துப் படிபடியாக இறக்க வேண்டும்.

மேனகாவின் கணவன் கலைவாணன் சேதராப்பட்டு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். எத்தனையோ தடவை ஓடிப்போய்க் கை நீட்டியிருக்கிறான். எப்போதும் ஒரே பதில்தான்.

"வேணாம் தம்பி. இயேசு பலம் குடுப்பாரு, நான் பாத்துக்குறேன்."

போன வாரம் சூசைமேரிக்குக் கால் இடறிக் கைப்பிடிச் சுவரில் மோதி முழங்கை வீங்கிவிட்டது. அப்போதும் அதே பதில்.

"நாம தொட்டா அவங்க சாமி கோச்சுக்குமா? ஒரு நாள் ரெண்டு பேரும் உருளப் போறாங்க, பாரு," என்று மேனகா பொருமினாள். இனிமேல் போய்க் கேட்பதில்லை என்று கலைவாணனும் தீர்மானித்துவிட்டான்.

தவக்கால வெள்ளிக்கிழமை வந்தது. உழவர்கரையில் அந்தத் தெருக் கிறிஸ்தவர்கள் இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதையைத் தெருவிலேயே நடத்துவார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு மேஜை, சிலுவை, மெழுகுவத்தி. அதுதான் ஒரு நிலை. ஐந்தாம் நிலை இந்த வீட்டு வாசலுக்கு வந்தது.

சூசைமேரி மேஜையைத் தயார் செய்துவிட்டு, கணவரை இறக்க மாடிக்குப் போனாள். பாதிப் படியில் அவளுக்கு முட்டி மடங்கிவிட்டது. அவரை உட்கார வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

வாசலில் கூட்டம் வந்து நின்றுவிட்டது. ஃபாதர் வாசிக்கத் தொடங்கினார். அடிபட்ட இயேசுவால் நடக்க முடியவில்லை. படைவீரர்கள் வழியே போன சீமோன் என்பவரைப் பிடித்து, சிலுவையைத் தூக்கச் சொன்னார்கள்.

கதவோரம் நின்ற கலைவாணன் ஓர் அடி எடுத்து வைத்தான். இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அப்படியே நின்றான்.

சூசைமேரி எழுந்து குனிந்தாள். லூர்துநாதன் அவளிடம் கை கொடுக்கவில்லை. கீழே பார்த்தார்.

"தம்பி, வா. வந்து தூக்கு," என்றார் குழறிய குரலில்.

"ஏங்க," என்றாள் சூசைமேரி பதறி.

"சும்மா இரு மேரி. அந்த இயேசுவே சீமோன வேணாங்கல."

கலைவாணன் நான்கே எட்டில் மேலே போய், அவரை அலாக்காகத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். கூட்டம் ஜெபத்தை முடித்து அடுத்த வாசலுக்கு நகர்ந்தது.

மேனகாவால் பொறுக்க முடியவில்லை. "ஏங்க்கா, நாங்க கேட்டப்பல்லாம் வேணாம்னீங்களே?"

சூசைமேரி தலை குனிந்தாள். லூர்துநாதன்தான் பதில் சொன்னார்.

"அவ சொல்லலம்மா. நான் சொல்ல வெச்சேன். அடுத்த ஆம்பள என்னத் தூக்குறது எனக்கு வெக்கமா இருந்துது. அது வெளிய தெரியக் கூடாதுன்னு பழிய அவ ஏத்துக்கிட்டா."

இத்தனை நாள் ஏசியதை நினைத்து மேனகாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அப்ப, இயேசு பலம் குடுப்பாருன்னு சொன்னது சும்மாவாக்கா?"

"அது சும்மா இல்ல மேனகா," என்றாள் சூசைமேரி. "அவரு குடுக்கலன்னா இவர இத்தினி நாளு என்னால தூக்கியிருக்க முடியுமா?"

லூர்துநாதன் நல்ல கையால் மனைவியின் வீங்கிய முழங்கையைத் தொட்டார்.

"என்ன மட்டும்னா பரவால்லம்மா. என் வீம்பையும் சேத்துல்ல இவ தூக்கிக்கிட்டு இருந்தா."