போய்யா வெண்டெல்

பாடகி டெலா ரேயிடம் கையெழுத்து வாங்க நின்ற வரிசை, ரெக்கார்டுக் கடை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போயிருந்தது. வெண்டெல் மேப்ரி தொப்பியை நெற்றிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அதில் நின்றார்.

கையில் அவளுடைய புது ஆல்பம். இத்தனை வருஷமாக நாஷ்வில் ரேடியோ போட்டுத் தேய்த்த ஹிட் பாட்டெல்லாம் ஒரே இசைத்தட்டில். முதல் பாட்டே 'போய்யா வெண்டெல்'.

பாட்டில், மழை கொட்டுகிற ராத்திரி. தொட்டிலில் கைக்குழந்தை கதறுகிறது. வெண்டெல் என்கிற பாவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். டென்னஸியில் அதைக் கேட்டு அழாத பொம்பளை இல்லை. அந்தப் பாட்டு வந்த பிறகு இந்தப் பக்கம் எவரும் பிள்ளைக்கு வெண்டெல் என்று பேர் வைக்கவும் இல்லை.

ஏற்கெனவே வெண்டெலாகப் பிறந்துவிட்டவர்கள் பாடு அதைவிட மோசம். ஆணி வாங்கப் போனால் கடைக்காரன் 'போய்யா வெண்டெல்' என்று பாடித்தான் சில்லறை தருவான். சர்ச்சுக்கு வந்த புதுப் பாதிரியார் பேரைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

அவர் எதற்கும் வாய் திறந்ததில்லை.

முன்னால் நின்ற குண்டு அம்மாள் பேச்சுக் கொடுத்தாள். பேரைச் சொன்னதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுஷா! அந்த வெண்டெலா நீ? பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போக எப்படிய்யா மனசு வந்துச்சு?"

"அவனேதான்," என்றார். வரிசையே சிரித்தது.

மகளுக்காகத்தான் வந்திருந்தார். ஆல்பம் வருகிறது என்று தெரிந்ததும், "அப்பா, அவங்க கையால என் பேர எழுதி வாங்கித் தர்றியா?" என்று கேட்டாள். நாற்பது வயதாகிறது, அது வேண்டும் இது வேண்டும் என்று ஒருநாளும் கேட்ட பெண் இல்லை. கடை வரைக்கும் கூடவே வந்தாள். வந்தபின், நீ போப்பா என்று பிக்கப் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பேரை எழுதித் தந்தால் போதும், பாட்டு எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்றிருந்தது அவருக்கு.

மேஜை வந்தது. டெலா ரே தலை நிமிரவில்லை. ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தால் வரிசை நகராது.

"யாருக்குக் கண்ணு?"

"கேரலின்."

"'கே'யா, 'சி'யா?"

கையெழுத்துப் போடுகிற எவரும் கேட்கிற கேள்விதான். ஒரே பேரை இங்கிலீஷில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிற ஊர். எழுத்துப் பிசகினால் வாங்குகிறவர் மனசு சுருங்கிவிடும்.

வெண்டெல் மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார்.

"நீ வச்ச பேருதான் டெலா. ஆஸ்பத்திரியில நீயேதான எழுதிக் குடுத்த? அப்புறந்தான எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுக் கிளம்பின?"

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். எந்த எழுத்து என்று இன்னொரு தரம் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

"அடுத்தவங்க வாங்க," என்றான் கடை ஆள்.

அவள் குனிந்து மளமளவென்று எழுதித் தள்ளிவிட்டாள்.

வெளியே வந்துதான் பார்த்தார். 'என் கேரலினுக்கு, அம்மா' என்றிருந்தது. அம்மா என்றே எழுதிவிட்டாளே என்று ஒரு கணம் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கவனித்தார். பேர் 'சி'யில் தொடங்கியிருந்தது. அவர் மகள் பிறந்ததிலிருந்து 'கே'.

வண்டிக் கதவைத் திறந்து ஆல்பத்தை மகள் மடியில் வைத்தார். அவள் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். முதல் எழுத்துக்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றாள்.

"என் தப்பும்மா," என்றார் வெண்டெல். "அவ சரியாத்தான் கேட்டா. நான்தான் 'சி'ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."