மிச்சம் எவ்வளவு சாமி?

"நாலு வருசத்துக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் சாமி? கொறைக்காம, உள்ளதைச் சொல்லுங்க" என்றாள் சகாயராணி.

பங்குச் சாமியார் உபகாரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காலேஜிலிருந்து வந்த கார்டை இன்னொரு முறை படித்தார். அவளுடைய ஒரே மகன் அருள்மணிக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. 1986-ல் செண்பகனூரில் அந்தப் படிப்பின் பெயரே பாதிப் பேருக்குப் புதிது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்னு போட்டிருக்கு. கடன் ஏதும் வேணுமாம்மா?"

"கடனுக்கு வரலீங்க. கணக்கு மட்டும் போட்டுச் சொல்லுங்க, போதும்."

அவள் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பவள். சோடாவிலும் குளிர்ந்த தண்ணீரிலும் ஊறி வெளுத்த விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

சாமியார் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பி, பென்சிலை எடுத்தார்.

"காலேஜ் பீஸ் ரெண்டாயிரம். ஹாஸ்டலும் சாப்பாடும் மாசம் முந்நூறு, லீவு போக வருசத்துக்குப் பத்து மாசம், அது ஒரு பன்னிரண்டாயிரம். புத்தகம், துணிமணி, பஸ் சார்ஜ் மூவாயிரம். ஆகப் பதினேழாயிரம்."

"சமாளிச்சிடலாம் சாமி. ரெண்டு கறவை மாடு நிக்கிது. கம்மல் இருக்கு. அவங்கப்பா காரட் மூட்டை ஏத்துற மண்டியில முன்பணம் தர்றேன்னிருக்காங்க."

"அப்புறம் என்ன? சந்தோசமா அனுப்பு!"

"படிச்சு முடிச்சா என்ன சம்பளம் வரும்?"

சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன வருசம் பெங்களூர்ல ஒரு ஆபீஸ்ல அந்த மெஷினைப் பார்த்தேன்மா. டிவி பெட்டி மாதிரிதான் இருக்கு. நான் ஒரு நாள் பூரா போடுற கணக்கை, மூச்சு விடுறதுக்குள்ள போட்டுடுச்சு. மத்தியானச் சாப்பாட்டையே மறந்துட்டு நின்னேன். பஸ்ஸையும் விட்டுட்டேன்." ஐம்பத்தைந்து வயது முகத்தில் திடீரென்று வெட்கம் வந்தது. "சம்பளம்தானே கேட்டே? ஆரம்பத்துலயே ஆயிரத்து எண்ணூறு கிடைக்கும். ஏறிக்கிட்டும் போகும்."

"அஞ்சு வருசத்துல மொத்தம்?"

பென்சில் தாளைத் தொடக்கூட இல்லை. "ஒண்ணேகால் லட்சம்."

"அதுல அவன் சாப்பாடு, வாடகை போக மிச்சம் எவ்வளவு சாமி?"

"சிக்கனமா இருந்தா அறுபதாயிரம் நிக்கும். நல்ல வீடாவே கட்டிடலாம்மா."

"வீடு வேணாம் சாமி."

"பின்னே?"

சகாயராணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டவுன் பஸ் ஒன்று நிற்காமல் போனது. வெளியே யாரும் இல்லை, மூடுபனிதான்.

"கார்டு வந்த நாள்லருந்து அதைத் தலையணைக்கு அடியில வெச்சுத்தான் படுக்கிறான். அவன் தூங்குறதைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வரல சாமி. கோயம்புத்தூர்னாலும் தீவாளிக்கு வருவான், கிறிஸ்மஸுக்கு வருவான். ஒருநாள் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வருவான். பேரப்பிள்ளை என் மடியில கெடக்கும். இப்படியெல்லாம் நெனைக்கவே எனக்குப் பயமா இருக்கு."

"இதுல என்னம்மா பயம்?"

"மூணு மாசத்துக் குழந்தையா ஜன்னி கண்டு கெடந்தான். டாக்டர் கைவிட்டுட்டாரு. அன்னைக்கு மாதா முன்னால விழுந்து, 'இவனைப் பொழைக்க வெச்சா உனக்கே குடுத்துடறேன், சாமியாராக்கிடறேன்'னு நேந்துக்கிட்டேன். அவங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. இப்ப குடுக்க மனசு வரமாட்டேங்குது சாமி. அந்த அறுபதாயிரத்தையும் பைசா கொறையாம கோயிலுக்குக் கட்டிடறோம். அவனுக்குப் பதிலா மாதா அதை வாங்கிக்குவாங்களா?"

சாமியார் கார்டை அவள் கையில் கொடுத்தார்.

"கோயிலுக்கு ஒரு பைசாவும் வேணாம். வெரசா போய்ப் பையனைக் கெளப்பு. பாவம்னு ஒண்ணு இருந்தா அது என்மேல இருக்கட்டும்."

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"எப்படி சாமி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்கம்மாவும் நேந்துதான் என்னைச் சாமியாருக்குப் படிக்க விட்டாங்க. ஒருநாளாவது உன்னை மாதிரி மனசு மாறி வந்து என்னைத் திருப்பிக் கேக்க மாட்டாங்களான்னு, மொத மூணு வருசம் நான் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்."