யார் கட்டைவிரல்

டாக்டர் விரித்துக் காட்டிய தாளைப் பார்த்ததும் சுவக்கீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட நீளத் தாள். அதில் நட்சத்திரக் குறிகளாலேயே வரைந்த ஒரு பெண் உருவம். மெட்ராஸில் இருக்கும் கம்ப்யூட்டர், அவன் மனைவி பிலோமியின் உடம்பளவுகளை வாங்கிக்கொண்டு, எங்கெங்கே ஊசி குத்தலாம் என்று புள்ளி வைத்து அனுப்பிய படம்.

படத்தில் இருந்தவள் நாலரை அடிகூட இல்லை.

"இதா என் வீட்டுக்காரி? அவ லயத்து வீட்டு வாசல்ல குனிஞ்சுல்லய்யா நுழைவா!"

எஸ்டேட் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிலோமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக அவளுக்கு இடுப்பு வலி. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பூசாத தைலம் இல்லை. கடைசியில் மெட்ராஸிலிருந்து மாதம் ஒரு முறை வருகிற இந்த ஊசி டாக்டர்தான் நம்பிக்கை. ஆனால் படம் சரியாக வராமல் ஊசியைத் தொடமாட்டேன் என்கிற ஆள் அவர்.

இந்தச் சீன ஊசி வைத்தியத்தில் உடம்பைக் கட்டைவிரல் அகலத்தால்தான் அளக்க வேண்டுமாம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சுவக்கீனே அளந்தான். முழங்காலிலிருந்து கணுக்கால். முழங்கையிலிருந்து மணிக்கட்டு. கழுத்திலிருந்து இடுப்பு. அவளுக்குக் கூச்சம் வந்து சிரிக்க, இவனுக்கு எண்ணிக்கை தப்ப, மறுபடி முதலிலிருந்து.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவன் கை அவள் முதுகில் அவ்வளவு நேரம் இருந்ததே இல்லை.

டாக்டர் கணக்குத் தாளைப் புரட்டினார். முழங்காலுக்குக் கீழே பதினாறு விரல் வரவேண்டிய இடத்தில் பன்னிரண்டு. யார் விரலால் அளந்தாய் என்று கேட்டார்.

சுவக்கீன் தன் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினான். பாக்டரி ரோலரில் நசுங்கிப் பரந்துபோன விரல்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரவர் உடம்புக்கு அவரவர் விரல்தான் அளவாம். எண்ணிக்கை இவன் பரந்த விரலுடையது; ஆனால் கம்ப்யூட்டருக்குப் போனது நர்ஸ் அளந்தெழுதிய பிலோமியின் விரல் அகலம். அதனால்தான் அவள் குள்ளமாகிவிட்டாள். புதுத் தாள் ஒன்றைக் கொடுத்து, மறுபடி அளந்து கொண்டுவரச் சொன்னார். ஊசி இனி அடுத்த மாதம்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதி மேட்டில் சுவக்கீன் நின்றான். தன் மடத்தனத்தால் இவளுக்கு இன்னும் ஒரு மாதம் வலி. அவள் கையைப் பிடித்து, தன்மேல்தான் தப்பு என்றான்.

பிலோமி கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"யாரு வெரலால அளக்கணும்னு நர்ஸம்மா எங்கிட்ட அன்னிக்கே சொன்னாக. நாஞ் சொல்லியிருந்தா, ஒன் வெரலுதான, நீயே அளந்துக்கன்னு எந்திரிச்சுப் போயிருப்பீக."