ரிப்பன் இல்லாத சட்டை

"யார்யா அது, கடைசி வரிசையில நெஞ்சு மொட்டையா நிக்கறது?"

மௌன அஞ்சலி முடிய இன்னும் நாற்பது விநாடி இருந்தது. மேலாளரால் அதுவரை பொறுக்க முடியவில்லை.

பெயின்ட் கம்பெனிக் கிளையின் கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. எல்லார் நெஞ்சிலும் நீல ரிப்பன். போரில் இறந்த வீரர்களின் நினைவு வாரத்துக்காகத் தலைமை அலுவலகம் அனுப்பியது. ஆளுக்கு ஒன்று, எண்ணி வந்தது. போன வருஷம் உபரியாக வந்ததை யாரோ பைக் ஹேண்டிலில் கட்டிக்கொண்டு சுற்றியதால், இந்த வருஷம் உபரி கிடையாது.

வெறும் சட்டையோடு நின்றவர் லேப் உதவியாளர். சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் நீட்டினால் அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார். அதனால் ஆபீஸில் அவருக்கு 'ஷேடு' என்றே பெயர். ஐந்து வருஷமாகத் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு மேலாளர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இன்று விட்டால் அது காலாவதி.

"ரிப்பன் எங்கய்யா?"

"இல்லீங்க சார்."

"இல்லைன்னா? எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சா?"

கூடம் சிரித்தது. அஞ்சலி நேரம் என்பதால் அளவாகச் சிரித்தது.

"திங்கக்கிழமையே குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க சார்."

"அப்புறம்?"

ஷேடு தரையைப் பார்த்தார். "என் தப்புதான் சார்."

"சார், நானெல்லாம் தூங்கறப்பகூட கழட்டறதில்லை," என்று முன்வரிசையிலிருந்து ஸ்டோர் கீப்பர் குரல் கொடுத்தார். "பனியன்ல குத்திக்கறேன்."

"ஊசி குத்தாதா?"

"நாட்டுக்காகக் குத்தட்டும் சார்."

மேலாளர் ஸ்டோர் கீப்பரைக் கைகாட்டினார். "பார்த்துக்கய்யா. இவரும் மனுஷன்தான். அங்க எல்லையில உயிரை விட்டவன் உன்கிட்ட சொத்தா கேட்டான்? ஒரு முழம்கூட இல்லாத ரிப்பன். அதைக்கூட உன்னால சுமக்க முடியலை!"



அடுத்தது குரூப் போட்டோ. எந்தக் கிளையின் போட்டோவில் நூற்றுக்கு நூறு ரிப்பன் இருக்கிறதோ, அந்தக் கிளைக்குக் கேடயம்.

"நீ போய் கேமராவுக்குப் பின்னாடி நில்லு," என்றார் மேலாளர்.

ஷேடு போய் நின்றார். மற்றவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

அறைக்குத் திரும்பியதும் மேலாளர் அந்த உத்தரவைக் கையில் எடுத்தார்.

"இந்த ஆளுக்குப் போயா நிரந்தரம்? கிழிச்சுப் போடுங்கம்மா."

செயலாளர் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். காலைல வண்டியில இருந்து ஃபோன் பண்ணீங்களே, உங்க ரிப்பன் நேத்துப் போட்ட சட்டையோட வீட்டுலயே தங்கிடுச்சுன்னு..."

"ஆமா. நீங்கதான் வாசல்லயே ஒண்ணு குத்திவிட்டீங்களே."

கேட்ட பொருள் கைக்கு வந்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிற பழக்கம் மேலாளருக்கு இல்லை.

"அது அவரோடது சார்."

மேலாளர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"உபரிதான் இல்லையே! ஒவ்வொருத்தர்கிட்டயா போய்க் கேட்டேன். சாருக்குன்னு சொல்லியேதான் கேட்டேன். எல்லாரும் நெஞ்சைப் பொத்திக்கிட்டாங்க. ஸ்டோர் கீப்பர் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார்."

"ஏன், உங்களோடதைக் குடுத்திருக்கலாமே?"

"எனக்கும் பயம்தான் சார்," என்றார் அவர், மறைக்காமல். "இவர் ஒருத்தர்தான் மறுபேச்சுப் பேசாமக் கழட்டிக் குடுத்தார். 'சார் மேடையில வெறும் சட்டையோட நின்னா நல்லா இருக்காதுங்க. என்னை யாரு பார்க்கப் போறாங்க'ன்னார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு வேற சொன்னார். அத்தனை பேர் முன்னாடி நீங்க திட்டினப்பவும் சொல்லலையே சார்."

மேலாளர் உத்தரவை மேசைமேல் வைத்தார். மடிப்பை நீவினார்.

செயலாளர் அம்மாவுக்கு உயிர் வந்தது. பேனாவின் மூடியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

மேலாளர் பேனாவை வாங்கி மூடினார்.

"நல்லவேளை, சொன்னீங்க. மறதியில விட்டிருந்தான்னா மன்னிச்சுக்கூட விட்டிருப்பேன். இப்ப நிரந்தரம் கூடவே கூடாது."

"சார்!"

"யோசிச்சுப் பாருங்கம்மா. நாட்டுக்காக உயிரைக் குடுத்தவங்க அடையாளம். அதையே யாரோ வந்து கேட்டாங்கன்னு கழட்டிக் குடுத்துட்டான். நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, நம்ம பெயின்ட் ஃபார்முலாவைத் தூக்கிக் குடுக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"