ஆறடிக் கட்டில்

பெற்றோரின் கல்யாண நாளுக்காகத் தன் பட்டறையிலேயே செய்த ஆறடி அகலக் கட்டிலைத் துண்டு துண்டாக வீட்டுக்குள் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான் மகன்.

அம்மா தலைப்பலகையைத் தடவிப் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமினார்.

மகிழ்ச்சியில் இருவருக்கும் வாயடைத்துவிட்டது என்று அவனுக்கு ஒரே பூரிப்பு.

முதலிலேயே, பரிசெல்லாம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அக்காதான்.

"அது அவங்க கல்யாணம்டா. நம்மளக் கேட்டா பண்ணிக்கிட்டாங்க? நடுவுல பூந்து வேலை பாக்காத."

அவன் கேட்கவில்லை. ஆளுக்கொரு இரும்புக் கட்டிலை ஒட்டிப் போட்டு, நடு இடுக்கில் தலையணை விழுந்துகொண்டிருக்கும் அந்த ஏற்பாடு, கட்டில் செய்கிறவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

புதுக் கட்டிலில் ஓர் ஆணிகூடக் கிடையாது என்று பெற்றோருக்கு விளக்கினான். பக்கச் சட்டத்தின் நாக்கு தலைப்பலகையின் குழிக்குள் போய் உட்காரும். மேலே எடை ஏற ஏற இன்னும் இறுகும். யார் புரண்டாலும் சத்தம் வராது.

வெயிலில் வந்திருக்கிறாய், முதலில் சாப்பிடு, நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. அவன் அதற்குள் பழைய கட்டில்களை நகர்த்தத் தொடங்கியிருந்தான்.

அம்மாவின் கட்டிலடியில் நான்கு கறுத்த வட்டங்கள். அது இயல்புதான். தரையைத் துடைக்கும்போதெல்லாம் இரும்புக் காலுக்கு அடியில் கொஞ்சம் ஈரம் தங்கும். காய வழியில்லாத ஈரம் துருவாகும். துரு சிமெண்டுக்குள் இறங்கும். ஒரே இடத்தில் வருடக்கணக்காக நின்றால்தான் அந்தக் கறுப்பு வரும்.

அப்பாவின் கட்டிலை நகர்த்தினான். அடியில் ஒரு வட்டமும் இல்லை. தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

கட்டில் கால்களிலிருந்து வெள்ளையாக இரண்டு கீறல்கள் மட்டும் கிளம்பி, அறை வாசலைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போயின. கீறலில் சிமெண்டுப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.

வருகிறேன் என்று அவன் போன் செய்ததே இன்று காலையில்தான்.

பக்கத்து அறை ஒரு காலத்தில் அவனுடையது. அவன் தனிக்குடித்தனம் போனபிறகு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கதவைத் தள்ளினான்.

சாமான் எதுவும் இல்லை. அணைக்க மறந்த மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் சட்டைகள் கொடியில் ஆடின. கீழே, அங்கே இல்லாத ஒரு கட்டிலுக்கு நான்கு வட்டங்கள். அம்மாவின் அறையில் இருந்தவற்றுக்குக் கொஞ்சமும் குறையாத கறுப்பு.

அவன் எப்போது அறையைக் காலி செய்வான் என்று இருவரும் காத்திருந்ததைப் போல.

மின்விசிறியை நிறுத்தினான். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான். அளவு தவறிவிட்டது, திரும்ப எடுத்துப் போகிறேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

வந்தால், பக்கச் சட்டத்தின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை அம்மாவும் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார்கள். அம்மா சிரிக்கக்கூடச் செய்தாள்.

"எந்தப் பக்கம்டா மேல வரணும்?" என்றார் அப்பா.

கீழே வையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"மரத்துல கணு தெரியிற பக்கம் கீழ போகட்டும்ப்பா" என்றான்.