கடா செய்த ஆசனங்கள்

இதை முதலில் சொன்னவர் எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியை தெய்வானை.

ஆட்டு மந்தைக்கும் ஓநாய்களுக்கும் கால்பந்துப் போட்டி. தோற்பவர் இரு தரப்பும் தண்ணீர் குடிக்கும் குளத்தைவிட்டு வெளியேற வேண்டும். மந்தைக்குக் கோல் காத்த பூனை, விடியல்தோறும் யோகாசனம் செய்தது.

“நீயும் வா, அண்ணே. உன் தொடை இறுகிக் கிடக்கிறது,” என்று மந்தையின் கடாவை அழைத்தது.

“சோம்பல் முறிப்பதற்கு இப்படியொரு பெயரா, தங்கச்சி? கோல் அடிப்பவன் நான்!” என்று தாடியை ஆட்டிச் சிரித்தது கடா.

போட்டியன்று காலையில் அதைப் பயம் பிடித்துக்கொண்டது. பூனை ஓராண்டாகப் பழகிய ஆசனங்கள் அனைத்தையும் கடா யாருக்கும் தெரியாமல் ஒரே மூச்சில் செய்தது. வளையாத காலை வலிக்க வலிக்க இழுத்தது. ஆட்டத்தின் முதல் பாய்ச்சலிலேயே பின்தொடைத் தசை கிழிந்தது.

தோற்ற மந்தை மாலையில் குளத்தைவிட்டுக் கிளம்பியது. ஓநாய்கள் பின்னாலேயே வந்தன.

“மந்தையை மெதுவாகப் போகச் சொல், தங்கச்சி,” என்று நொண்டியபடி கெஞ்சியது கடா.

“சொல்லிப் பார்த்தேன், அண்ணே,” என்ற பூனை, தானும் ஓடத் தொடங்கியது.